இல்லாத ஏரியை வற்றடித்தவர்

எங்கள் ஊரில் பொல்லாத ஆள் யாரென்று கேட்டால், முன்பெல்லாம் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பல்கலைக்கழக ஆய்வுக்காரர்கள் வந்துபோன பிறகு அமெரிக்காவில் மேற்குக் கான்சாஸின் இந்த மூலையில் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னோம்: வெர்லின் உன்ரூ.

வெர்லின் அறுபதை நெருங்கிய மக்காச்சோள விவசாயி. இரவல் வாங்கிய ஏணியைத் துடைத்துத்தான் திருப்பித் தருவார். சர்ச்சில் அடிக்குரலில் பாடுவார், அதுவும் பக்கத்து ஆளின் குரலை அமுக்காமல். அவர் ஒரு ஏரியையே தீர்த்துக் கட்டினார் என்றால் முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பிறகு விடவும் இல்லை.

பொதுத் தண்ணீரை மனிதர்கள் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று ஆராய டெஸ்ஸா லிண்ட்க்விஸ்ட் என்ற பேராசிரியர் வந்திருந்தார். எங்களைவிடப் பொருத்தமான ஆட்கள் அவருக்குக் கிடைக்கமாட்டார்கள். நிலத்தடி நீர் வருடா வருடம் இறங்குவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வருடா வருடம் இன்னும் ஆழமாகத் துளைபோடவும் தெரியும்.

சர்ச் கூடத்தில் அட்டைத் தடுப்புகளை நட்டு, ஆளுக்கொரு கணினி முன் உட்கார வைத்தார்கள். ஐந்து பேருக்குத் திரையில் ஒரு ஏரி; கூட்டாளிகள் யாரென்று தெரியாது. எடுக்கிற தண்ணீருக்கேற்பக் கையில் நிஜப் பணம். மிச்சம் வைத்தால் ஏரி கொஞ்சம் ஊறும், எல்லோரும் அளவாக எடுத்தால் ஆட்டம் வெகுநேரம் ஓடும். வெர்லின் இருந்த ஏரி, அவர் கோப்பையில் காபி ஆறுவதற்குள் தரைதட்டியது.

ரகசியம் அத்தோடு போயிருக்கும். ஆனால் மறுநாள் காலை உணவகத்தில் வெர்லின் தன் மேசைக்காரர்கள் அத்தனை பேருக்கும் பான்கேக் வாங்கிக் கொடுத்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்த பிறகுதான், பக்கத்து நிலத்துக்காரர் டுவைட் கோன் யோசிக்க ஆரம்பித்தார்.

“ஏம்ப்பா வெர்லின், எங்களுக்கெல்லாம் காபிக் காசுகூடத் தேறல. உனக்கு மட்டும் எப்படி இவ்ளோ வந்துச்சு?”

வெர்லினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுத்துருவான்னு நெனச்சேன்” என்றார்.

அவ்வளவுதான். அந்த ஞாயிறு போதகர் பேராசையைப் பற்றிப் பேசினார், கண் வெர்லின் நின்ற பாடகர் வரிசை மேலேயே இருந்தது. சர்ச் விருந்தில் எலுமிச்சைச் சாறு ஜாடிப் பக்கம் வெர்லின் போனால், பெண்கள் முதலில் குழந்தைகளுக்கு ஊற்றிவிட்டார்கள். வரப்போகும் தலைமுறைக்குத் துளி மிச்சம் வைக்காத பாவி என்று டுவைட் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். உச்சிவெயில் காற்றில் அவருடைய தெளிப்பான்கள் தார்ச்சாலைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தன.

வெர்லினுக்குத் தூக்கம் போனது. அவர் மனைவி ஆர்லீன் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அது ஏரியே இல்ல வெர்லின். வெறும் நீலக் கலரு” என்றார். அப்போதும் மனம் தேறாமல், வெர்லின் வண்டியெடுத்துப் பேராசிரியரிடமே போனார். இன்னொரு தடவை ஆட விடும்படியும், இந்தமுறை ஒழுங்காக எடுப்பதாகவும் கேட்டுக்கொண்டார். இந்த வருட ஆட்டத்தில் ஒருதரம் ஆடியவர் மறுபடி ஆடினால் முடிவு கெட்டுவிடும் என்று லிண்ட்க்விஸ்ட் மறுத்தார். ஆறுதலுக்காக, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற தம் வரைபடத்தைக் காட்டினார். உச்சியில் ஒற்றைப் புள்ளியாக இருந்தது வெர்லின். அவருக்கு மயிரிழை கீழே எறும்பு மொய்த்தாற்போல் இன்னும் பல புள்ளிகள்.

“இவங்கெல்லாம் யாருங்க?”

“பேர் சொல்லக்கூடாது. ஆனா உங்க ஊர்க்காரங்கதான்.”

திரும்பும் வழியில் பாதித் தூரம் நிம்மதியாகவும் மீதித் தூரம் கோபமாகவும் இருந்ததாக ஆர்லீனிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் குளிர்காலம் நிலத்தடி நீர்க் குழுவில் ஓர் இடம் காலியானது. சம்பளமில்லாத, திட்டு மட்டும் கிடைக்கிற வேலை. திருடனுக்குத்தான் திருட்டு வழி தெரியும் என்று டுவைட் வேடிக்கையாக வெர்லின் பெயரை முன்மொழிந்தார்; நாங்களும் சிரித்துக்கொண்டே கை தூக்கினோம். முதல் கூட்டத்திலேயே வெர்லின் எழுந்து, ஒவ்வொரு கிணற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு இறைப்பைக் குறைக்கவேண்டும் என்றார். சிரிப்பு நின்றது.

“அது விளையாட்டு வெர்லின், அதுல நல்லவனா இருக்கலாம்,” என்றார் டுவைட். “இது பொழப்பு.”

தீர்மானம் தோற்றது. வெர்லின் ஒருவர் மட்டும் தன் கிணறுகளில் ஒன்றை மூடி, அந்த நிலத்தில் தண்ணீர் அதிகம் கேட்காத வெள்ளைச் சோளம் போட்டார். அவர் விட்ட நீர் வீணாகப் போய்விடக் கூடாதென்று டுவைட் வேலியோரம் புதுத் துளை போட்டார்.

அடுத்த வருடம் ஆய்வுக்காரர்கள் மறுபடி வந்தார்கள். மானத்துக்குப் பயந்து நாங்கள் தேவதூதர்களாக ஆடினோம். ஏரி கடைசிவரை தளும்பியது. கூட்டுறவைக் கற்றுக்கொண்ட ஊர் என்று எங்களைப் பற்றிக் கட்டுரை வந்தது. உணவகத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

அந்த ஆகஸ்டில் டுவைட் வீட்டுக் குடிநீர்க் கிணறு மணலைக் கக்கியது. ஒரு தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வெர்லின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். வெர்லின் குழாயை மாட்டிவிட்டார். தொட்டி நிறைய நேரமானது. ஏதாவது பேசியாக வேண்டும் என்பதற்காக டுவைட் சொன்னார்:

“நானும் அன்னிக்கு நல்லா எடுத்தேன்ப்பா. நீ முந்திக்கிட்ட.”

“தெரியும்,” என்றார் வெர்லின். “குழாய மாத்திப் பிடி, வழியுது.”

அடுத்த கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு இல்லை, பத்தில் ஒரு பங்குக் குறைப்புதான் நிறைவேறியது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே மலையைப் புரட்டிய மாதிரி. நீர்மட்டம் இன்னும் இறங்குகிறது, கொஞ்சம் மெதுவாக. வெர்லினை இரண்டாம் தடவையும் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தோம். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரையே குறைத்துவிட்ட அவரைத் திட்டுவதற்கு இப்போது எங்களிடம் நிஜக் காரணமே இருக்கிறது.