ரோஜாவுக்கடியில் பூண்டு

மாமியார் அந்தத் தெருவுக்கே பெரிய நர்ஸ். ஓய்வு பெற்றதும் ஆஸ்பத்திரி வார்டைக் கொல்லைக்குக் கொண்டுவந்துவிட்டார். ரோஜாச் செடிகளுக்கடியில் ஒரு புல் முளைக்கக் கூடாது. மண் துடைத்த தரை மாதிரி இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மருமகள் அங்கே ஆசையாகத் தூவிய கொத்தமல்லி தலைகாட்டிய அன்றே வேரோடு போய்விட்டது. அதன்பின் தையல் மெஷினே கதியென்று கிடந்தாள் அவள். ஊரார்க்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவளுக்கு, அந்த வீட்டில் தனக்கு எவ்வளவு இடம் என்பது மட்டும் பிடிபடவில்லை.

கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, "ஒரு செடி போச்சுன்னாலும் உன்னத்தான் கேப்பேன்" என்றார் மாமியார். சொல்லி வைத்தாற்போல் மொட்டெல்லாம் அசுவினிப் பூச்சி மொய்த்தது. சோப்புத் தண்ணீர் தெளித்தும் போகிற வழியாக இல்லை. கடைசியில் ரோஜாக்களைச் சுற்றிப் பூண்டு நட்டாள். பூண்டுத் தாள் நீள நீளப் பூச்சி குறைந்தது. பீற்றிக்கொள்ளத்தான் ஆளில்லை.

இன்று காலை கணவன் போன் செய்து, "அம்மாவக் கூட்டிட்டுக் கிளம்பிட்டேன்" என்றதும் அவள் ஓடிப்போய்ப் பூண்டையெல்லாம் பிடுங்கி வாளிக்குள் திணித்தாள். திணித்த வேகத்தில் பாதி நசுங்கிப்போயிற்று. புத்தி கெட்டவள்! அதுவரை வாயைத் திறக்காமல் நின்ற பூண்டு, இப்போது கொல்லை முழுக்க நாறியது. மண்ணைச் சமன்செய்து முடிப்பதற்குள் வாசலில் கார் நின்றது.

கறுப்புக் கண்ணாடியோடு மாமியார் நேரே கொல்லைக்கு வந்தார். மூக்கு சுருங்கியது. இலைகளின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தார். அசுவினி விடும் பிசுபிசுப்பு விரலில் ஒட்டவில்லை. பிறகு காலால் வாளியைத் தட்டினார்.

"பூண்டு வெச்சியா?"

"ஆமா, அத்தை."

"செடி நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏன் பிடுங்கின?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "உங்களுக்குப் பயந்துதான்."

அந்த வார்த்தை மாமியாருக்குச் சுருக்கென்று தைத்தது முகத்திலேயே தெரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். வாளியைத் துழாவி நசுங்காத பூண்டுச் செடி ஒன்றை எடுத்து, ரோஜாத் தண்டை ஒட்டியே மண்ணுக்குள் அழுத்தினார்.

மருமகள் அந்த இடைவெளியைக் கண்ணாலேயே அளந்தாள். சொல்லலாமா, வேண்டாமா?

"அவ்ளோ கிட்ட வேணாம், அத்தை. வேர்ல இடிக்கும். ஒரு சாண் தள்ளி வைங்க."

பெரிய நர்ஸ் தள்ளி வைத்தார்.