எதெல்மீராவின் எண்ணெய்ச்சட்டி

ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம், அரைப் பாட்டுக்கு மறுபக்கம். நண்டுக்கறி பொதிந்த அல்காபுர்ரியா வடையை எண்ணெயில் எதெல்மீரா திருப்பிப் போடுகிறாள். எத்தனை நிமிஷத்தில் வேகும் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கடையில் கடிகாரம் கிடையாது, ரேடியோவில் ஓடும் ரெகேட்டோன் குத்துப்பாட்டுதான் கணக்கு. நீளமான பழைய காதல் பாட்டு வந்தால் அத்தனையும் கருகிவிடும்.

டும், சக்க டும், சக்! அடிவயிற்றில் இடிக்கிறது தாளம். அறுபத்தாறு வயது இடுப்பு தானாகச் சுழல்கிறது, கரண்டிக் கை மட்டும் ஆடுவதில்லை. இந்தப் பின்யோனெஸ் கடற்கரையில், பக்கத்துக் கடையில் இருபது வருஷமாக இளநீர் வெட்டுகிறேன். இவள் ஆட்டம் இன்னும் எனக்குப் பழகவில்லை.

போன வருஷம் அவள் கணவர் எஃப்ராயினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. தினமும் பதினொரு மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து நிழலில் விடுகிறாள். முதல் பாட்டுக்கு அவருக்கு முதுகைக் காட்டி, முழங்காலில் கையூன்றிக் குனிந்து, அவர் மடியை உரசிக்கொண்டு ஆடுகிறாள். எங்கள் ஊர் ஆட்டமே அதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நோயாளியிடமா? முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன்.

"வெக்கமா இல்லியாடி? சீக்காளி மனுஷன்கிட்ட!"

"காலுக்கும் நாக்குக்கும்தான்க்கா சீக்கு. மனுஷனுக்கு இல்ல."

போன ஞாயிறு ஒர்லாண்டோவிலிருந்து மகள் யனீரா வந்தாள். ஆட்டத்தைப் பார்த்து அவள் முகம் வெளிறிவிட்டது.

"என்ன கூத்தும்மா இது? அப்பாவுக்கு நம்மளையே அடையாளம் தெரியல. அங்க முதியோர் இல்லத்துல இடம் சொல்லிட்டேன். செவ்வாக்கெழம கூட்டிட்டுப் போறேன்."

"தெரியலன்னு ஒனக்கு யாருடி சொன்னா?"

"கூப்ட்டா திரும்புறாரா? மரக்கட்ட மாதிரி உக்காந்திருக்காரு!"

பாட்டு முடிந்தும் எதெல்மீரா வடையைத் திருப்பிப் போடவில்லை. இனி அவரைப் பார்க்கவே முடியாது என்று எனக்கே பட்டது. யனீரா எட்டி ரேடியோவை அணைத்தாள். எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் மிச்சம்.

அப்போது நாற்காலியிலிருந்து வந்தது ஒரு கெட்ட வார்த்தை. அச்சில் ஏற்ற முடியாத, அப்பட்டமான வசவு. கூடவே, "பாட்டப் போடுடி, யனீரா!"

ஒரு வருஷமாக 'ம்' கூடச் சொல்லாத வாய்! வெட்டுக்கத்தி கைநழுவி மணலில் விழுந்தது.

யனீரா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவில்லை. அப்படியே கையை நீட்டி ரேடியோவைப் போட்டாள். சத்தம் கூட்டும் குமிழை, அதற்குமேல் திரும்பாது என்னும்வரை திருகினாள்.