இருட்டுத் தொட்டிக்கு அரை மணி வெளிச்சம்

அன்றைக்கு காலேஜ் லேபில் இருந்தவர்கள்: ஆராய்ச்சி மாணவி கலைச்செல்வி மேடம், அவருடைய கைடு சார், கான்ட்ராக்ட் அட்டெண்டர் ஏழுமலையாகிய நான். ரெண்டு தொட்டியில் எட்டெட்டாக, ஓடில்லாத பச்சைக் கடல் நத்தைகள் பதினாறு.

நெய்வேலியில் கடல் ஏது? மண்டபத்திலிருந்து கேனில் வந்தவை; உபரியாக இன்னும் ஆறு தனிக் கேனில் இருந்தன. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குப் புரியும்படி மேடம் சொல்லியிருந்தார்: "இது பாசியத் தின்னுட்டு, அதுல உள்ள பச்சைய மட்டும் செரிக்காம உடம்புல வச்சுக்கும்ணே. வெளிச்சம் பட்டா செடி மாதிரி தானே சாப்பாடு செஞ்சுக்கும். அதுலருந்தே வெயில் தாங்க ஒரு கெமிக்கலும் செய்யுதான்னுதான் பாக்குறோம்."

தண்ணீரில் அடையாளம் போட்ட கார்பன் உப்பு கலந்திருந்தது. கெமிக்கலில் அந்த அடையாளம் வந்தால், அது நத்தையே செய்தது. ஒரு தொட்டிக்கு லைட். இன்னொன்று கறுப்புத் துணி மூடி இருட்டில். பத்து நாளைக்குப் பாசி கிடையாது.

சாப்பாடும் இல்லை, வெளிச்சமும் இல்லை. செத்தால் என் வேலைதானே போகும்? தினம் காலையில் லேபைத் திறந்ததும் துணியை எடுத்து அரை மணி நேரம் ஜன்னல் வெளிச்சம் காட்டினேன்.

பத்தாம் நாள் சாம்பிள் எடுக்கும்போது மனசு கேட்கவில்லை.

"மேடம், இருட்டுத் தொட்டிய நான் தெனம் தொறந்துட்டேங்க."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குய்யா?"

"பட்டினி கெடந்துகினு இருந்துச்சுங்க சார்."

"அப்ப டிபனும் வாங்கிக் குடுத்திருக்கலாமே."

மேடம் சிரிக்கவில்லை. தீசிஸ் கொடுக்க ரெண்டு மாதம்தான் இருந்தது. "எத்தன மணிக்கு, எவ்வளவு நேரம்ணே?"

முன்னே மைன்ஸில் கான்ட்ராக்டில் பம்ப் பார்த்தவன் நான். அங்கே சுவிட்சைத் தொட்டால் லாக் ஷீட்டில் மணி எழுதியாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் இதையும் காலண்டர் தாளில் எழுதியிருந்தேன். நீட்டினேன். எடுத்தது 6.05, மூடியது 6.35. ஒன்பது நாள்.

மேடம் ரெண்டு தடவை படித்தார். "சார், இது இருட்டு இல்ல. ஆனா அளவு தெரிஞ்ச வெளிச்சம். இதையும் டெஸ்டுக்கு அனுப்புவோம்."

உபரியாக இருந்த ஆறு நத்தைகளை வைத்து, மிச்ச உப்பைப் போட்டு, புதிதாக ஓர் இருட்டுத் தொட்டி தயாரானது.

"அண்ணே, இந்தத் தடவ உசுரே போனாலும் தொறக்கக் கூடாது."

"எதுங்க மேடம், என் உசுரா, அதுங்க உசுரா?"

"ரெண்டுந்தான்."

பத்து நாள் தூக்கமில்லை. ஒரு நத்தையும் சாகவில்லை.

ரிசல்ட் வந்தது. லைட் தொட்டியில் அடையாளம் நிறைய. முழு இருட்டில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. என் அரை மணித் தொட்டியில் நடுவாந்திரமாகக் கொஞ்சம். வெளிச்சம் கூடினால் கெமிக்கலும் கூடுகிறது என்று மூன்று தொட்டியையும் வைத்துத் தீசிஸில் எழுதினார் மேடம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயத்தில் எதையாவது செய்துவிட்டால் மறைக்காதீர்கள். மணியோடு போய்ச் சொல்லுங்கள். திட்டு விழும். எனக்கும் விழுந்தது. வேலை போகவில்லை.