ஆர்லோ கட்டிய மூட்டைகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு ட்விலா போனில் கூப்பிட்டாள். வடக்கே சுரங்கங்களுக்குச் சரக்கு கொண்டுபோகும், ஏரித் தண்ணீரில் இறங்கும் மிதவை விமானத்தை ஓட்டுகிறவள்.

"ஆர்லோ போயிட்டாரு."

"எங்க? ப்ளைட்டு வெள்ளிக்கிழமைதானே?"

"ராத்திரி, தூக்கத்துலயே," என்றாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வடகனடாவில், யெல்லோநைஃபில் எங்கள் அலுவலகம் என்பது நாங்கள் இரண்டு பேர். நான் மென்பொருள் எழுதுவேன். ஆர்லோ பெட்ரிஷின் அதை மூட்டை கட்டுவார். சுரங்கத்தில் ஒரு கொட்டகைக் கணினி இன்னொரு கொட்டகைக் கணினியிடம் பம்பு ஓடுகிறதா, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுப் பதில் வாங்கும் ஜாவா மென்பொருள் அது. மொத்தம் நாற்பத்து மூன்று துண்டு; எல்லாம் சேர்ந்தால்தான் ஓடும். ஊருக்குள் என்றால் குறைகிற துண்டை இன்டர்நெட்டிலிருந்து அதுவே இழுத்துக்கொள்ளும். பம்புக் கணினிகளுக்கோ வெளித்தொடர்பே கூடாது என்பது சுரங்கத்தின் விதி. எல்லாம் ஒரே டிஸ்கில், முத்திரை வைத்து, கையில்தான் போக வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமையோடு ஏரி உறையத் தொடங்கிவிடும். பனி கெட்டிப்படும்வரை, ஆறு வாரத்துக்கு விமானம் இறங்காது. அங்கே பம்புகளை மாற்றிவிட்டார்கள். புதிய மென்பொருள் போகாவிட்டால் பம்புக்காரர் லோர்ன், அந்தக் குளிரில், மணிக்கொரு தரம் நடந்துபோய் மீட்டர் பார்க்க வேண்டும்.

முதல் மூட்டை இருபது வருடத்துக்கு முன்னால் போனது. ஆர்லோ தன் லேப்டாப்பில் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். ஜோராக ஓடியது. லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு டிஸ்கோடு விமானம் ஏறினார்; மறுநாள், ஏரி உறைவதற்கு முந்தின கடைசி விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. விமானம் திரும்பிப் போன பிறகு பார்த்தால் ஒரு துண்டைக் காணோம். எப்போதோ இறக்கியது அவர் லேப்டாப்பின் மூலையில் கிடந்திருக்கிறது. அதனால்தான் வீட்டில் ஓடியிருக்கிறது.

அப்போது அங்கே இருந்தது ரேடியோ மட்டும்தான். அந்தத் துண்டின் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளை மூன்று நாள் நான் வாசிக்க, அவர் தட்டினார். அதே அலைவரிசையில் வேட்டைக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடைப்புக்குறி திறக்குது, ஆர்லோ."

"திறந்துட்டேன்."

நடுவில் யாரோ ஒரு கரகரத்த குரல்: "யோவ், நேத்து சாயங்காலம் திறந்ததையே இன்னும் மூடலையே நீங்க!"

பார்த்தால் உண்மை. மூடினோம். மென்பொருள் ஓடியது. ஆர்லோவுக்குப் பின்னாலிருந்து லோர்ன் கத்துவது கேட்டது: "ஓடி என்ன? ஆறு வாரம் என் பன்னிக்கறியத்தானே திங்கப்போறான் இந்த ஆளு!"

தின்றார். ஐந்து கிலோ கூடித் திரும்பி வந்தவர் முதல் வேலையாக ஒரு புதுக் கணினி வாங்கினார். இன்டர்நெட்டைக் கண்ணால் கண்டிராத கணினி. கம்பி செருகும் ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டி, 'பச்சப்புள்ள' என்று பெயரும் வைத்தார். அதில் முனகாமல் ஓடினால்தான் மூட்டை விமானம் ஏறும்.

"ஏன், வெளிக்காத்து பட்டா சளி புடிச்சுக்குமா அதுக்கு?" என்பாள் ட்விலா.

"புடிக்கும். அப்புறம் எனக்கும் லோர்னுக்கும் ஆறு வாரம் குடித்தனம்."

இந்தப் புத்தி வீட்டுக்கும் பரவியது. இரண்டு நாள் மீன்பிடிக்கப் போவதென்றால் முதல் நாள் இரவு மின்சாரத்தை அணைத்து, வரவேற்பறையில் கூடாரம் அடித்து, மூட்டையில் இருப்பதை மட்டும் வைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார். ஒரு தடவை டப்பா திறப்பான் இல்லாமல் பட்டினி கிடந்தார். மறுநாள் அலுவலகத்தில் ஒரே குதூகலம். "பாத்தியா? வீட்லயே மாட்டிக்கிச்சு!" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அவர் மேசையில் இருந்த டிஸ்கை எடுத்துப் பச்சப்புள்ளயில் போட்டேன். நாற்பத்து மூன்றும் இருந்தன. ஒரு முனகல் இல்லை. விடிந்தால் ட்விலா அதை எடுத்துப்போக வருவாள்.

டிஸ்கோடு லோர்னுக்கு ஒரு தாளும் போக வேண்டும்: எதை முதலில் நிறுத்துவது, எதைப் பிறகு ஏற்றுவது என்று. ஆர்லோ ஆறு படிகள் முழுதாக எழுதியிருக்கிறார். ஏழாவதில், "லோர்ன், புது மூன்றாம் பம்பைத் தொடுவதற்கு முன்னால் கட்டாயம்" என்பது வரைதான் இருக்கிறது. அதற்குமேல் வெறும் தாள்; என்னவென்று எனக்கும் தெரியாது.