எண்ணெய் குடித்த கடிதங்கள்

ஓர் அமெரிக்க எழுத்தாளரின் கடிதங்களைச் சேர்த்துக் காக்கும் சென்னை ஆய்வு மன்றத்துக்காக ஆம்பூர் வந்திருக்கிறேன். இங்கே தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிக்கு அவர் எழுதியவை தோல் அட்டை போட்ட ஒரே கட்டாக இருக்கின்றன. மேஸ்திரி தேவசகாயம் பெருமையாக நீட்டுகிறார். எண்ணெய் ஊறிய தாளில் இரு பக்க எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே?"

"பூச்சி அரிக்காம பாத்துக்கன்னு நீங்கதானே கார்டு போட்டீங்க? மாசாமாசம் புங்க எண்ணெய் தடவினேன் ஐயா. தோலு எம்மாம் மெத்துனு இருக்குது, பாருங்க!"

கார்டு போட்டவன் நான்தான். அன்றைக்கே ரயிலேறி வந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் சோம்பிக் கிடந்தேன்.

"மன்றத்துல வெப்பீங்க இல்ல?"

வைப்போம் என்று பொய் சொல்கிறேன்.