மச்சான் பேரில் ஒரு முன்பல்

திண்டிவனத்தில் துணிக்கடைத் தள்ளுபடியானாலும் சரி, இரங்கல் செய்தியானாலும் சரி, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவது கொளஞ்சியின் குரல்தான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர், பல் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தால் வாயடைத்துப் போய்விடுவார். முன்பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, "வண்டிய ஓரமா வுட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து வந்தவர், அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வலி திரும்ப வந்தது. ஓடிவந்த இடத்துக்கே போய் வாயைத் திறக்க வெட்கம். விழுப்புரத்தில் வேறு டாக்டரைப் பார்த்தார்.

"அங்க எடுத்த எக்ஸ்ரே, கேஸ் ஷீட்டு காப்பி வாங்கிட்டு வாங்க. பார்த்துட்டு, பல்லைக் காப்பாத்த முடியுமான்னு சொல்றேன். இல்லன்னா எடுத்துட வேண்டியதுதான்" என்றார் அவர்.

கொளஞ்சி நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தார். முன்பல் போனால் 'பொதுமக்களே' என்பதற்குள் பாதி காற்றாகப் போய்விடும். அப்புறம் எவன் மைக் கொடுப்பான்?

கேட்டால் தரமாட்டார்கள், சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். செல்போனில் வீடியோ பார்த்து நோயாளி உரிமைகளை மனப்பாடம் செய்தார். மறுநாள் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த ஆர்த்தி என்ற பெண்ணிடம், மைக் இல்லாமலே முழங்கினார்.

"ரெக்கார்டு காப்பி வாங்கறது பேஷண்டோட உரிமை! ஜெராக்ஸ் செலவுக்கு மேல காசு கேக்கக் கூடாது! பேஷண்டு சம்மதம் இல்லாம வேற யாருக்கும் குடுக்கக் கூடாது!"

"சரிங்கண்ணா, தர்றோம். ஜெராக்ஸ் காசு மட்டும் குடுங்க. எக்ஸ்ரேவ வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன். பேரு?"

இவ்வளவுதானா என்று கொளஞ்சிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பேரைச் சொன்னார். கம்ப்யூட்டரில் அப்படி யாருமே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு வலி தாங்காமல் கிடந்தவருக்காக, டோக்கனுக்குப் போன் போட்டவன் அவர் மனைவியின் தம்பி வெற்றிச்செல்வன். போன் போட்டவன் பேர்தான் டோக்கனில் ஏறியது. அந்தப் பேரைக் கூப்பிட்டதும் இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேரைத் திருத்த யாரால் முடியும்? போனபோதெல்லாம் வெற்றிச்செல்வனாகவே போய்வந்தார்.

"வாயத் தெறந்து காட்றேம்மா, நீயே பாரு."

"டாக்டர் ஊர்ல இல்லண்ணா. பேரு இருக்கிறவரு வந்து கையெழுத்து போடணும். வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு இப்பதான நீங்களே சொன்னீங்க?"

எப்படிப்பட்ட பேச்சாளன் பார், தன் வாயாலேயே தனக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டான் என்று கொளஞ்சி தன்னையே நொந்துகொண்டார். வெற்றிச்செல்வனோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவன் பிள்ளையின் காதுகுத்து பேனரில் இவர் படத்தைத் தபால்தலை அளவுக்குப் போட்டுவிட்டான் என்பதற்காக, இனி அவன் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று பந்தலில் நின்று மைக்கிலேயே அறிவித்தவர் இவர்.

வேறு வழியில்லை. போன் போட்டார்.

"மாமன் பேசறன்டா."

"எந்த மாமன்? பேனர்ல கண்ணுக்கே தெரியாம இருந்தாரே, அவரா?"

கொளஞ்சி பல்லைக் கடிக்கப் பார்த்தார், வலித்தது. கதையைச் சொன்னார். மறுமுனையில் வெகுநேரம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"அங்கியே இரு மாமா. ஜல்தியா வர்றேன்."

ஒலக்கூரிலிருந்து கரும்புக்காட்டுச் சேற்றுக் காலோடு வந்து இறங்கினான். "பேரு என்னுது, பல்லு எங்க மாமாவுது. ரெண்டு பேரும் கையெழுத்து போடறோம்மா" என்றான். ஆர்த்தி சிரித்துவிட்டு நகலைக் கொடுத்தாள்.

"வண்டியில ஏறு மாமா. தனியா வுட்டா மறுபடியும் வண்டிய ஓரமா வுடப் போயிடுவ."

விழுப்புரம் டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்தார். "எடுக்க வேணாம், காப்பாத்திடலாம். வெளிய உக்காருங்க, கூப்பிடறேன்" என்றார்.

உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சியின் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் அந்த நகலைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "வெற்றிச்செல்வன்!"

இரண்டு பேரும் எழுந்தார்கள்.