கர்த்தா யார்?

தொண்ணூறுகளின் கடைசியில், கரியாஹாட் கடைத்தெருவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வங்கிக் கிளைக்கு மேலாளராக மாற்றலாகி வந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. என்னுடைய வீட்டுக் கடனுக்குக் கணவரின் கையெழுத்தையும் கேட்டபோது மேசையைத் தட்டிச் சண்டை போட்டவளாயிற்றே!

முதல் வாரமே ஒரு பெண் வந்தாள். நடைபாதையில் ரவிக்கைத் துணி விற்பவள். சந்துக்குள் ஒரு கடை பிடிக்கக் கடன் கேட்டாள்.

"முன்னாடி இருந்த சாருங்க எல்லாரும் புருஷனக் கூட்டிட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப ஒரு தீதி வந்திருக்காங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்" என்று வங்காளியில் சொன்னாள்.

எனக்கு அப்போது அரைகுறை வங்காளி. வியாபாரத்தை நடத்துவது யார் என்று கேட்க நினைத்தேன். வங்கியில் கூட்டுக்குடும்பக் கணக்கை நடத்துபவருக்குக் கர்த்தா என்று பெயர். அந்த வார்த்தையையே வைத்து, கர்த்தா யார் என்று வங்காளியில் கேட்டேன்.

"கர்த்தா கே?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போனாள். வங்காளி வீடுகளில் கர்த்தா என்றால் புருஷன் என்பது எனக்குத் தெரியாது.

அதோடு முடிந்திருந்தால் மொழிப் பிழை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். சில நாள் கழித்துப் புருஷனோடு வந்தாள். நான் என்ன செய்தேன்? அவனுக்கு நாற்காலியைக் காட்டினேன். வாடகை, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் அவனிடமே கேட்டேன். அவன் அவளைப் பார்ப்பான், அவள் பதில் சொல்வாள், நான் அவனைப் பார்த்துத் தலையாட்டுவேன். கடனை அவன் பெயரில் போட்டு, அவளை ஜாமீன் ஆக்கியதும் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அடுத்த பூஜைப் பண்டிகைக்கு ரவிக்கைத் துணி வாங்க அந்தக் கடைக்குப் போனேன். கல்லாவில் அவன் இருந்தான். அவள் ஸ்டூலில் ஏறித் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் எனக்கு வங்காளி நன்றாக வந்துவிட்டது.

"வீட்டுக்காரர் ஒத்தாசையா இருக்காரா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அடி தாங்காம எப்பவோ விரட்டிவிட்ட ஆளு, தீதி. நீங்க கர்த்தா யாருன்னு கேட்டீங்களே, அதான் டாலிகஞ்ச் வரைக்கும் போய்க் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்."

அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. துணிக்கான பணத்தைக் கல்லாவில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அவன் எழுந்து நின்று எனக்கு மரியாதையாகக் கும்பிடு போட்டான்.